மூல நட்சத்திரமும் மாமனார் ஆயுசும்

பிள்ளைச்சாவடியிலிருந்து மீனவத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பல வருஷமாய் நமது பத்திரிகையைப் படித்து வருபவர். தன் மகனுக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஒரு பெண்ணைப் பார்த்ததாகவும், பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பிச் சம்மதித்துவிட்டதாகவும், பெண் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவள் என்றும், எல்லாம் பேசி முடிந்து தட்டு மாற்றிக்கொள்ளும் சமயத்தில் உறவினர் ஒருவர் பெண்ணின் ஜாதகத்தைக் கேட்டதாகவும், அவள் பிறந்தது மூல நட்சத்திரம் என்று தெரிந்ததும் வீட்டில் ஒப்பாரி துவங்கிவிட்டதாகவும் எழுதுகிறார். மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். அந்த மாமனார் யார்? கடிதம் எழுதிய தோழரேதான்!

"அய்யா, சாகப் போகிறவன் என்று சொல்லப்படுகிறவன் நான். எனக்குப் பயமில்லை. என் வீட்டாருக்குத்தான் பயம். எங்கள் தெருவில் இப்படித்தான் முன்னே ஒரு வீட்டில் மூலத்துப் பெண்ணைக் கட்டினார்கள், இரண்டு வருஷத்துக்குள் அந்த வீட்டைக் கடல் கொண்டு போய்விட்டது என்று குப்பத்துப் பெண்கள் எல்லோரும் சொல்லுகிறார்கள். இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்கிறார்.

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு பெண், தான் பிறந்த நேரத்தைத் தானே தேர்ந்தெடுத்துக் கொண்டாளா? பிரசவ வலி எடுத்த நேரத்திற்கு அவளுடைய தாயாவது பொறுப்பாளியா? இப்படி யாருக்கும் பொறுப்பில்லாத ஒரு சங்கதிக்காக இருபத்து நாலு இருபத்தைந்து வயதுப் பெண்ணை, "நீ கொலைகாரி" என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் சொல்லித் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் என்ன? சட்டப்படி ஒருவன் மேல் கொலைக் குற்றம் சாட்ட வேண்டுமானால் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், கோர்ட்டு வேண்டும். பெண்ணின் மேல் சாட்டுவதற்குப் பஞ்சாங்கத்தில் ஒரு வரி போதும்!

முதலில் கடல் சங்கதியைத் தீர்த்துவிடுவோம். அது வானத்தில் நடந்ததல்ல, தரையில் நடந்தது. நமது கரையில் கடல் நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 1980களின் பிற்பகுதியில் பட்டணத்திற்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல்லணைகள் போட்டார்கள். வடக்கே போகவேண்டிய மணல் அங்கே தேங்கியது. வழக்கமாய் வந்துகொண்டிருந்த மணல் வராததால் பட்டணத்துக் கடற்கரை கரைந்தது. பட்டணத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டின இடத்திற்கு வடக்கே இன்னும் அதிகமாய்க் கரைந்தது. அங்கேயும் கல் கொட்டினார்கள். இப்படியே அரிப்பு வடக்கே நகர்ந்து நகர்ந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று வந்து சேர்ந்து, வீடுகளை வரிசை வரிசையாய் இழுத்துக்கொண்டது. அந்த வரிசையில் இருந்த வீடுகளிலெல்லாம் மூலத்து மருமகள்களா இருந்தார்கள்? அசுவினியும் பரணியும் இருந்த வீட்டைக் கடல் விட்டுவிட்டதா? கல்லணை போட்டதற்கு மருமகள் மேல் பழி சொன்னால் லாபம் யாருக்கு என்று குப்பத்துத் தோழர்கள் யோசிக்க வேண்டும். மருமகள் மேல் கோபித்துக்கொண்டிருக்கும் வரையில் யாரும் சர்க்காரிடம் போய் "எங்கள் மணல் எங்கே?" என்று கேட்க மாட்டார்கள் அல்லவா! 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி காலையில் சுனாமி அலை வந்தபோதும், அது 27 நட்சத்திரக்காரரையும் ஒன்றாகவேதான் அடித்தது.

நிற்க. இனி மூலத்திற்கு வருவோம். நமது தோழருக்கு நாம் சொல்லும் முதல் பதில் வாதம் அல்ல. உங்கள் வீட்டுக்காரம்மாளையும், தங்கைமார்களையும், ஜாதகம் கேட்ட உறவினரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் இரவு கடற்கரைக்குப் போய், அந்த மூலம் என்பது எது என்று காட்டுங்கள் என்பதே. இதுவரை மூலத்திற்குப் பயந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவராவது அதைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்பது நமக்குச் சந்தேகம். பாம்புக்குப் பயப்படுகிறவன் பாம்பைப் பார்த்திருக்கிறான். கடலுக்குப் பயப்படுகிறவன் கடலைப் பார்த்திருக்கிறான். நட்சத்திரத்திற்குப் பயப்படுகிறவன் மட்டும் பார்த்ததில்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்டிருக்கிறான்.

பார்ப்பதற்குப் பிள்ளைச்சாவடியைப் போல் நல்ல இடம் சுலபத்தில் கிடைக்காது. கிழக்கே கடல், மரமும் மாடியும் மறைக்காது. தெற்கே மட்டும் பட்டணத்து விளக்கு வெளிச்சம் கொஞ்சம் தொந்தரவு செய்யும். நிலா இல்லாத இரவாய்ப் பார்த்து, கிழக்குக் கடற்கரைச் சாலை விளக்குகளுக்கு முதுகைக் காட்டி, படகு மறைவில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கையிலிருக்கும் டெலிபோன் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. இருபது நிமிஷமாவது கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு வானம் ஒன்றையும் காட்டாது.

சித்திரை மாதத் துவக்கத்திலானால் இரவு சுமார் ஒன்பதரை மணிக்கு, வைகாசித் துவக்கத்திலானால் ஏழரை மணிக்கு, நேர் கிழக்கிலிருந்து சற்றே தெற்குத் தள்ளி, சிவந்த நட்சத்திரம் ஒன்று கடலிலிருந்து கிளம்பும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய மூன்று முட்டி தள்ளிப் பாருங்கள். அந்தச் சிவப்பு நட்சத்திரந்தான் கேட்டை. கிரேக்கர்கள் செவ்வாய்க்குப் போட்டி என்று பொருள்படும்படி அதை அன்டாரெஸ் என்றார்கள். அதன் இரு புறத்திலும் சிறு நட்சத்திரம் ஒவ்வொன்று காவல் நிற்பதுபோல் நிற்கும். அதற்கு முன்னாலேயே எழுந்து மேலே போய்விட்ட மூன்று நட்சத்திரங்கள் சற்று வளைந்த கோடாய் நிற்கும். அதுதான் அனுஷம், தேளின் தலை. கேட்டை அதன் மார்பு. அதற்குப் பின் ஒரு மணி, ஒன்றரை மணி பொறுத்திருந்தால் உடலும் வாலும் ஒவ்வொன்றாய்க் கடலிலிருந்து ஏறும். கேட்டையிலிருந்து தெற்கே இறங்கி, பிறகு கிழக்கே திரும்பி, முடிவில் தூண்டில் முள் போல வடக்கே மேல்நோக்கி வளையும் நட்சத்திர வரிசையே வால். வானத்தில் எத்தனையோ உருவங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் பெயருக்கும் உருவத்திற்கும் சம்பந்தமே இராது. இந்தத் தேள் ஒன்றுதான் உண்மையிலேயே தேள் போல இருக்கிறது. குப்பத்துப் பிள்ளைகளானால் தூண்டில் முள் என்று சொல்லிவிடும். அதுவும் சரிதான்.

அந்த வாலின் நுனியில், கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில், ஒட்டினாற்போல் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றில் பிரகாசமானது எதுவோ அதுதான் மூலத்தின் முக்கிய நட்சத்திரம். பழைய தமிழ் நிகண்டுகளில் மூலத்திற்குத் தேட்கடை என்று பெயர். தேளின் கடை, அதாவது வால், அவ்வளவுதான். மாமனார் என்றோ மரணம் என்றோ அந்தப் பெயரில் ஒன்றுமில்லை.

வைகாசியில் கடலிலிருந்து அது எழும்புவதைப் பார்ப்பது ஒரு அழகு. ஆடித் துவக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில் பார்த்தால் தேள் முழுவதும் தெற்கே உயர நிற்கும். மூலம் அடிவானத்திலிருந்து நான்கு முட்டி உயரத்திலும், கேட்டை ஐந்து முட்டி உயரத்திலும் இருக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தள்ளி வைத்த ஆடி மாதந்தான் இதற்கு நல்ல மாதம்! மாலை மழை மேகம் வந்தால் பொறுத்திருந்து நடுநிசிக்கு மேல் பார்க்கலாம். கார்த்திகையில் சூரியன் அந்தப் பக்கம் போய்விடுவதால் தேள் கண்ணுக்குத் தெரியாது. மார்கழிக் கடைசியில், விடியற்காலம் வலை எடுக்கப் போகிறவர்களுக்குத் தென்கிழக்கில் மறுபடியும் தெரியத் துவங்கும். படகில் பைனாகுலர் இருந்தால் வால் நுனிக்குக் கிழக்கே கண்ணுக்கு வெண் திட்டாய்த் தெரிவதை அதில் பாருங்கள். அது திட்டல்ல, ஒரு நட்சத்திரக் கூட்டம். சுமார் 1900 வருஷத்திற்கு முன்னால் டாலமி என்பவர் அதைக் கண்ணால் பார்த்தே குறித்து வைத்தார். வாலுக்கு வடகிழக்கே பால் வழி மிகவும் தடித்துத் தெரியும். நமது சூரியன் உள்ளிட்ட கோடானுகோடி நட்சத்திரக் கூட்டத்தின் நடுமையம் அந்தத் திசையில் சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒளியாண்டு என்பது வெளிச்சம் ஒரு வருஷத்தில் போகும் தூரம்.

இப்போது பார்த்தாகிவிட்டது. இனி வீட்டாரிடம் சில கேள்விகள் கேட்கலாம்.

இந்தப் பெண் மூல நட்சத்திரத்தில் பிறந்தாள் என்றால் என்ன அர்த்தம்? அவள் பிறந்த நேரத்தில் சந்திரன் மூல நட்சத்திரத்தில் இருந்தது என்று ஜோசியர் சொல்லுகிறார். இது உண்மையா? சந்திரன் தன் பாதையில் சூரியன் பாதையை விட்டு அதிகமாய்ப் போனால் சுமார் 5 பாகைதான் விலகும். மூலத்தின் முக்கிய நட்சத்திரமோ சூரியன் பாதைக்குத் தெற்கே ஏறக்குறைய 14 பாகை தள்ளி இருக்கிறது. ஆகவே சந்திரன் ஒரு காலத்திலும் அந்த நட்சத்திரத்திற்கு ஏழு பாகைக்குள் கூட வர முடியாது. இடையில் பதினைந்து முழு நிலாக்களை வரிசையாய் அடுக்கலாம்! இதற்கு நம் வார்த்தையை நம்ப வேண்டாம். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி, நாள்காட்டியில் மூலம் என்று போட்டிருக்கும் இரவில் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். நிலா எங்கேயோ வடக்கே உயரப் போய்க்கொண்டிருக்கும். தேள் வால் எங்கேயோ கீழே கிடக்கும். முட்டியை நீட்டி அளந்தும் பார்க்கலாம். பக்கத்துத் தெரு வழியாய்ப் போனவனை உன் வீட்டுக்குள் வந்து திருடினான் என்று சொல்லுவது போலத்தான் இது.

அப்படியானால் மூலம் என்பது என்ன? வானத்து வட்டத்தை 27 சம துண்டாய்க் கணக்கில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் 13 பாகை 20 கலை என்று வைத்து, துண்டுக்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு எல்லைக்கல் கணக்கு. சந்திரன் 27 நாளும் சில மணியும் ஆக ஒரு சுற்று வருவதால், நாளுக்கு ஒரு துண்டு என்று நாள் குறிக்க அது சௌகரியமாயிருந்தது. அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் துண்டுக்கும் அந்தப் பெயருள்ள நட்சத்திரத்திற்குமே சில இடங்களில் பொருத்தமில்லை என்பதைக் கேளுங்கள். 1952இல் இந்திய சர்க்கார் விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. அது 1955இல் அறிக்கை கொடுத்தது. அந்தக் குழு கொண்ட வழக்கப்படி சித்திரை நட்சத்திரத்தை 180 பாகையில் வைத்து எண்ணினால், நாம் பார்த்த அந்தச் சிவப்புக் கேட்டை 226 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் வருகிறது. கேட்டை என்ற துண்டோ 226 பாகை 40 கலையில்தான் துவங்குகிறது. அதாவது கேட்டை நட்சத்திரம் கேட்டையில் இல்லை, அனுஷத்தில் இருக்கிறது! கேட்டைப் பெண்ணைக் கட்டினால் மூத்த மைத்துனனுக்கு ஆகாது என்று ஒரு கதை உண்டல்லவா? எந்தக் கேட்டை ஆகாது? வானத்துக் கேட்டையா, காகிதத்துக் கேட்டையா?

அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமியையும் விழுங்கி, செவ்வாயின் பாதையையும் தாண்டிப் பரவி நிற்கும். அது இருப்பது சுமார் 550 ஒளியாண்டு தூரத்தில். இன்று நம் கண்ணில் விழும் அதன் வெளிச்சம் கிளம்பின காலத்தில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் கால் வைக்கவில்லை. பிரெஞ்சுக்காரன் புதுச்சேரிக்கு வரவில்லை. மூலத்து நட்சத்திரமும் இதுபோல் பல நூறு ஒளியாண்டு தூரத்தில் கிடப்பதுதான். அதுவும் ஒன்றல்ல, கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிவது ஒன்றையொன்று சுற்றும் மூன்று நட்சத்திரம் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இந்த மூன்றில் பிள்ளைச்சாவடி மாமனாரின் மேல் பகை கொண்டது எது என்று ஜோசியர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கு. 27 துண்டில் ஒரு துண்டு மூலமென்றால், பிறக்கிறவர்களில் ஏறக்குறைய 27க்கு ஒருவர் மூலம். இந்தியாவில் இன்று 140 கோடிக்கு மேல் ஜனங்கள். ஆகவே 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் மூலம். அதில் பாதி, இரண்டரைக் கோடிப் பெண்கள். இவர்களுடைய மாமனார்களெல்லாம் கல்யாணமானவுடன் செத்துக்கொண்டிருந்தால் நாட்டில் தாத்தா என்ற சொல்லே அபூர்வமாகி இருக்குமே! முஸ்லிம்களிலும் கிறிஸ்தவர்களிலும் 27க்கு ஒரு பெண் மூலத்தில்தான் பிறக்கிறாள். அவர்கள் கேட்பதுமில்லை, பார்ப்பதுமில்லை. அவர்கள் மாமனார்கள் எத்தனை வயதில் சாகிறார்கள் என்று கோட்டக்குப்பத்தில் போய் விசாரித்துக்கொள்ளலாம், ரொம்ப தூரமில்லை.

ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் பட்டணத்தில் இந்த மூல நட்சத்திரம் அடிவானத்திற்கு மேலே வருவதே கிடையாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் அப்படியே. லண்டனில் மயிரிழை உயரம் வந்து மறைந்துவிடும். பூமி உருண்டையாயிருப்பதால் வடக்கே போகப் போகத் தென்வானம் மறையும். இதில் மாயம் ஒன்றுமில்லை. மூலமே உதிக்காத ஊர்களிலும் மாமனார்கள் சாகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பட்டணத்தில் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. அங்கேயும் மாமனார்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நடக்கிறார்கள்.

"ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று பழமொழி சொல்லுவார்கள். ஒரே வானம், ஒரே நிமிஷம், ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிறந்த இரண்டு குழந்தைகளில் ஆண் குழந்தைக்கு அரசு, பெண் குழந்தைக்கு நாசம்! நட்சத்திரம் அவ்வளவு தூரத்திலிருந்து தொட்டிலில் கிடப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பலன் கொடுக்கிறதாம். இந்த ஒரு வரியிலிருந்தே இதை எழுதியது நட்சத்திரமல்ல, ஆண்பிள்ளை என்பது தெரியவில்லையா? இப்போது கொஞ்சம் வெட்கம் வந்து, "அது பெண் மூலமல்ல, பின் மூலம், ஆண் மூலமல்ல, ஆனி மூலம், ஜனங்கள் தப்பாய்ச் சொல்லுகிறார்கள்" என்று சில ஜோசியர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். சந்தோஷம். அப்படியானால் இத்தனை காலமும் திருப்பி அனுப்பிய பெண்களிடம் போய் மன்னிப்புக் கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். பாடத்தைத் திருத்துவார்கள், பரிகாரக் காசைத் திருப்பித் தரமாட்டார்கள்.

வான சாஸ்திரமே பொய் என்று நாம் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தில் கணிதம் ஒன்று, பலன் ஒன்று. கணிதம் கண்ணால் பார்த்துத் திருத்தக் கூடியது. அந்த வேலைக்கு இந்தப் புதுச்சேரிக்கே ஒரு பெருமை உண்டு. 1689ஆம் வருஷம் டிசம்பரில் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தென்வானத்தில் பிரகாசமான ஆல்பா சென்டாரி ஒரு நட்சத்திரமல்ல, இரண்டு என்று கண்டுபிடித்தார். பாதிரியார்தான், ஆனாலும் அதைப் பைபிளில் பார்த்துச் சொல்லவில்லை, தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். அதே ஆல்பா சென்டாரியை இன்றும் வைகாசி இரவில் தேளுக்குத் தென்மேற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே காணலாம். லெ ழாந்தி என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகவே 1768இல் இங்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். 1769 ஜூன் 4ந் தேதி காலையில் அந்த நேரம் பார்த்து மேகம் மறைத்துவிட்டது. சுக்கிரதிசை அவருக்குச் செய்த உபகாரம் அவ்வளவுதான்!

1825இல் வாரன் என்ற அதிகாரி இதே புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, அந்த வருஷம் மே 31ந் தேதி இரவு நடக்கவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். அவர் காகிதம் பேனா எடுக்காமல், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே கணக்குப் போட்டுச் சொன்னார். துவக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுந்தான் பிசகு. எவ்வளவு பெரிய மூளை வேலை! ஆனால் ஏன் அப்படி வருகிறது என்று அவருக்குத் தெரியாது. தகப்பனிடம் பாடம் பண்ணியதைச் சோழியில் உருட்டினார். அறிவைக் கூட ஒரு கூட்டத்தின் குடும்பச் சொத்தாக்கிப் பூட்டி வைத்தால் இப்படித்தான் கிளிப்பிள்ளையாய்ப் போய்விடும். அதே நூற்றாண்டில் சென்னை நட்சத்திர பங்களாவில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பார்த்த கணக்கைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தவும் பாடுபட்டார். பார்ப்பன வகுப்பில் பிறந்தவரானாலும், கண்ணால் பார்த்துச் சொன்னதை ஒப்புக்கொள்ள நமக்குத் தடையில்லை. அவர் பேச்சைக் கேளாதவர்கள் யார் என்பதுதான் கேள்வி. இன்றைக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் என்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் என்றும் இரண்டு இருக்கின்றன. சனி கும்பத்திற்குப் போனது ஒன்றின்படி 2023 ஜனவரி 17. மற்றொன்றின்படி 2023 டிசம்பர் 20. நமது புதுச்சேரி ராஜ்யத்தைச் சேர்ந்த திருநள்ளாற்றில் இரண்டாவது தேதிக்குத்தான் கூட்டம். பதினோரு மாதம் சனி எந்த வீட்டில் இருந்தது என்றே இரு பஞ்சாங்கமும் ஒத்துக்கொள்ளாதபோது, ஒரு பெண் பிறந்த நாழிகையைக் கொண்டு மாமனார் ஆயுசை அளக்க இவர்களுக்கு என்ன யோக்கியதை?

ஒருக்கால் பலனும் பலிக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. வான விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகரும், நரேந்திர தபோல்கர் முதலிய தோழர்களும் மகாராஷ்டிரத்தில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். நன்றாய்ப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஜோசியர் ஒவ்வொருவருக்கும் 40 கொடுத்து, யார் எப்படி என்று சொல்லச் சொன்னார்கள். 27 ஜோசியர்கள் பதில் கொடுத்தார்கள். நூற்றுக்கு 46தான் சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் நூற்றுக்கு 50 வந்திருக்கும். இது 2009இல் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. இந்தப் பரீட்சை நடத்தியவர்களில் ஒருவரான தபோல்கரை 2013ஆம் வருஷம் ஆகஸ்டு 20ந் தேதி புனாவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பதில் சொல்ல முடியாதபோது சுடுவது என்பது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

சர்க்காரும் லேசுப்பட்டதல்ல. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜையின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டு, 2001இல் சர்வகலாசாலைகளில் ஜோசியத்திற்குப் படிப்பு வைக்கப் பணம் கொடுக்க முன்வந்தார்கள். விஞ்ஞானி பார்கவா முதலியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2004இல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. இந்த லட்சணத்தில் குப்பத்துப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்று அவர்களை மாத்திரம் குறை சொல்லுவது நியாயமல்ல. அவர்கள் பயம் அன்பினால் வந்த பயம். புருஷன் கடலுக்குப் போனால் திரும்பி வருவானா என்று கரையிலே நின்று பார்க்கிறவர்களுக்குப் பயம் இல்லாமல் இராது. அந்த அன்பைக் காட்டிப் பணம் பறிக்கிறவனிடத்தில்தான் நம் கோபம். ஆகவே, நமது தோழர் வீட்டில் சண்டை பிடிக்க வேண்டாம். பயப்படுகிறவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டவேண்டும். முடிந்தால் அந்தப் பெண்ணையும் உடன் அழைத்துப் போகட்டும். தன்மேல் பழி சொல்லப்பட்ட நட்சத்திரத்தை அவளும் ஒருமுறை பார்க்க வேண்டுமல்லவா?

கல்யாணத்திற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று புரோகிதர் இல்லாத கல்யாணத்தை நடத்தி வைத்த காலத்தில் அதற்குச் சட்ட மதிப்பில்லை. 1967இல் சென்னைச் சட்டசபை சட்டம் செய்தது. புதுச்சேரியிலும் 1971இல் அப்படியே செய்தார்கள். பிள்ளைச்சாவடி பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாய் இருந்தாலும், எந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும் செல்லும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு, "இவரை ஏற்கிறேன்" என்று இருவரும் தங்கள் பாஷையில் சொன்னால் போதும்.

இந்த வைகாசியில் அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு நாமும் பைனாகுலர் ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்கு வருகிறோம். தேளின் வால் கடலைவிட்டு நன்றாய் மேலேற இரவு பத்து மணியாகும். அதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது. கல்யாணத்தை ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு மேல் ராகு காலத்தில் வைத்துக்கொள்ளும்படி தோழருக்குச் சிபார்சு செய்கின்றோம். அந்நேரத்திற்கு மண்டபம் காலியாய்க் கிடைக்கும். வாடகையிலும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.